கட்டங்களும் களரியும்: நாடகக் கலைச்சொற் கல்வி பற்றிய ஒரு நோக்கு

மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையிலுள்ள பாடசாலையொன்றில், ‘நாடகமும் அரங்கியலும்’ பாடத்துக்கென ஆசிரியை ஒருவர் ஆக்கியிருந்த குறுக்கெழுத்துப் புதிரொன்றைப் பார்க்கும் வாய்ப்பு எமக்குக் கிட்டிற்று. இடமிருந்து வலமாக நிரப்பவேண்டிய சொற்களுள் ஒன்றுக்குக் கொடுக்கப்பட்டிருந்த குறிப்பு, ‘நாடகத்தைப் பழக்கி அரங்கேற்றுபவர்’ என்பதாகும். விடைக்கு ஐந்து கட்டங்கள் விடப்பட்டிருந்தன. எதிர்பார்க்கப்பட்ட விடை ‘நெறியாளர்’. மாணவன் ஒருவன் ‘அண்ணாவியார்’ என எழுதியிருந்தான். ஐந்து கட்டங்களும் நிறைந்து, ஆறாவது எழுத்தாகிய ரகர மெய் சட்டத்துக்கு வெளியே நின்றது. “கட்டம் காணாது, ரீச்சர்” என்று அவன் சொன்னதாக ஆசிரியை சிரித்துக்கொண்டே கூறினார். விடை பிழையென அடையாளமிடப்பட்டிருந்தது.

இதனை ஓர் ஆசிரியையின் தவறாகக் கொள்வது நியாயமன்று. பாடக் குறிப்புகளைக் கரும்பலகையில் எழுதிக் கொப்பியில் இறக்கச் செய்வதே வழக்கமாயிருந்த வகுப்பறையில், தமது ஓய்வு நேரத்தைச் செலவிட்டு அவர் இப்புதிரை ஆக்கியிருந்தார். வகுப்பும் அன்று உயிர்ப்புடன் இயங்கிற்று. ஆயினும், சட்டத்துக்கு வெளியே நின்ற அந்த ஓரெழுத்து எம்மைச் சிந்திக்க வைத்தது. கூத்தாடும் ஊரில் பிறந்த பிள்ளை, கூத்தைப் பற்றித் தான் அறிந்த சொல்லையே எழுதிப் பிழை வாங்குவது எவ்வாறு நிகழ்கிறது? கலைச்சொல் என நாம் வழங்குவது யாருடைய சொல்?

முதலில் ‘நெறியாளர்’, ‘அண்ணாவியார்’ என்பன ஒருபொருட் பன்மொழியல்ல என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நெறியாளர் என்ற சொல் மேலை அரங்கில், குறிப்பாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து, தனித்துறையாக வளர்ந்த ஒரு தொழிற் பிரிவினைக் குறிக்கின்றது. எழுத்தாளர் வேறு, நடிகர் வேறு, இசைஞர் வேறு எனப் பிரிந்துவிட்ட உழைப்பினை மேலிருந்து இணைக்கும் ஒருவர் தேவைப்பட்ட நிலையிலேயே அத்தொழில் முதன்மை பெற்றது. அண்ணாவியாரோ மத்தளத்தின் முன் நிற்பவர். ஆட்டத்தையும் பாட்டையும் பழக்குபவர். சட்டங்கொடுத்தல் முதல் சதங்கை அணிதல், கிழமைக்கூத்து, அடுக்குப்பார்த்தல், அரங்கேற்றம் ஈறாகப் பல மாதங்கள் ஊரோடு ஊராய் இருந்து கூத்தினை நடத்திச் செல்பவர். அரங்கேற்றத்தன்று நெறியாளர் மேடைக்குப் பின்னால் மறைந்துவிடுவார். அண்ணாவியாரோ களரியின் நடுவிலேயே நிற்பார். இந்த வேறுபாட்டினை ஐந்து கட்டங்களும் அறியா, ஆறு கட்டங்களும் அறியா.

இவ்விடத்து ஒரு வரலாற்றுச் செய்தியை நினைவுகூர்தல் பொருந்தும். 1962இல் பேராதனையில் ‘கர்ணன் போர்’ தொடக்கம் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தினைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மேடையேற்றியபோது, அத்தயாரிப்புகளுக்கு ஆட்டமும் பாட்டும் பழக்கியவர் வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார். விடியவிடிய ஆடப்பட்ட கூத்து ஒன்றரை மணி நேரமளவுக்குச் சுருங்கிற்று. நாற்புறமும் மக்கள் சூழ்ந்திருந்த வட்டக்களரி, ஒருபுறம் மட்டுமே திறந்த படச்சட்ட மேடையாயிற்று. இம்மாற்றத்தின் முற்போக்கான பங்கினை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஈழத்துத் தமிழ்க் கல்வியுலகம் ஏளனத்துடன் நோக்கிய ஒரு கலை, தேசியப் பண்பாட்டின் மையத்துக்கு வந்தது அம்முயற்சியாலேயே ஆகும். எனினும் நாம் இங்கு கவனிக்க வேண்டியது வேறொன்று. ஒரே தயாரிப்பில் நெறியாள்கை என்ற சொல்லும் அண்ணாவியார் என்ற சொல்லும் ஒருங்கே வேண்டப்பட்டன. முன்னது மூளையுழைப்பின் பக்கமும் பின்னது உடலுழைப்பின் பக்கமும் ஒதுக்கப்பட்டன. இன்று வகுப்பறைப் புதிரின் ஐந்து கட்டங்களுள் நாம் காண்பது அந்தப் பிரிவினையின் எச்சமே எனலாம். வந்தாறுமூலையிலேயே இன்று கிழக்குப் பல்கலைக்கழகம் அமைந்திருப்பதை நினைக்குமிடத்து, வரலாறு சில வேளைகளில் அங்கதச் சுவையோடு தொழிற்படுகின்றது என்றே தோன்றுகின்றது.

இனிப் புதிரின் வடிவத்தை நோக்குவோம். குறுக்கெழுத்துப் புதிர் 1913 டிசம்பரில் நியூயோர்க் நாளிதழொன்றில் ஆதர் வின் என்பாரால் முதன்முதலாக வெளியிடப்பட்டது. 1930களில் ஆனந்த விகடன் முதலிய தமிழ்ச் சஞ்சிகைகளில் பரிசுப் போட்டியாக வந்து சேர்ந்தது. விற்பனையைப் பெருக்கும் சரக்காகத் தமிழுக்குள் நுழைந்த வடிவம் இது. பின்னர் வகுப்பறைக்கு வந்து கற்பித்தற் சாதனமாயிற்று. வடிவங்கள் தம் பிறப்பிடத்தாலேயே என்றென்றைக்கும் கறைபட்டுவிடுகின்றன என்று கூறுவது கொச்சைப் பொருள்முதல்வாதம். எனினும், வடிவம் தனக்கென ஒரு தெரிவினை நடத்துகின்றது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆங்கிலத்தில் இருபத்தாறு எழுத்துகள். தமிழில் இருநூற்று நாற்பத்தேழு. தமிழ்ப் புதிரில் உயிர்மெய் ஒரு கட்டத்தையும் மெய் ஒரு கட்டத்தையும் பெறும். ஆகவே இரு சொற்கள் ஒரே எழுத்தில் சந்திக்கும் வாய்ப்பு தமிழில் மிகக் குறைவு. புதிர் ஆக்குபவர் எளிதில் சந்திக்கக்கூடிய சொற்களை நாடுவது இயல்பு. நெறியாளர், ஒப்பனையாளர், தயாரிப்பாளர், ஒளியமைப்பாளர் முதலிய புத்தாக்கங்கள் யாவும் ஒரே விகுதியால் முடிவனவாதலின், எங்கும் எதனோடும் குறுக்கிடக்கூடியன. சல்லாரி, தரு, கொலு, கந்தார்த்தம் முதலியன அவ்வாறு வளைந்து கொடுப்பனவல்ல. நாம் பார்த்த புதிரில் பதினெட்டுச் சொற்களுள் கூத்துக்குரியவை மூன்றே: வடமோடி, தென்மோடி, மத்தளம். முதலிரண்டும் நந்நான்கு எழுத்துகளாய் ‘மோடி’ என முடிவதால் ஆசிரியைக்கு வசதியாயிருந்தன போலும். இது எவருடைய திட்டமிட்ட சதியுமன்று. கருத்தியல் பெரும்பாலும் இவ்வாறே, வசதியின் வடிவில் தொழிற்படுகின்றது.

இத்தகைய பயிற்சித் தாள்களில் பறைமேளக்கூத்து என்ற சொல்லை நாம் இதுவரை காணவில்லை. அதனை மரபாக ஆடிவருவோர் யார் என்பதை மட்டக்களப்பார் அறிவர். கூத்துச் சொற்களுக்கு இடம் ஒதுக்கப்படும் வேளையிலும் அவற்றுள் சில உள்ளேயும் சில வெளியேயும் நிற்கின்றன என்பதற்கு இது ஒன்றே போதிய சான்று.

நாடகக் கலைச்சொல் பற்றிப் பேசும்போது, இவ்வட்டாரத்தின் தென்பால் காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகளை விட்டுவிட்டு மேற்செல்ல முடியாது. சென்னையில் 1930களில் நடைபெற்ற கலைச்சொல்லாக்கப் பணியில் தலைமைப் பங்கேற்றவர் அவர். 1926இல் மதுரைத் தமிழ்ச் சங்க வெளியீடாக வந்த அவரது ‘மதங்கசூளாமணி’ தமிழில் நாடகவியலை மீட்டமைக்க முயன்ற முன்னோடி நூல். சேக்சுபியரைச் ‘செகசிற்பியார்’ ஆக்கி, அவரது பன்னிரு நாடகங்களை ஆராய்ந்து, தனஞ்சயரின் தசரூபகத்தையும் தமிழுக்குக் கொணர்ந்தார். அந்நூலின் அடித்தளம் வடமொழி நாடக இலக்கணமும் சிலப்பதிகார உரைமரபும் ஆங்கில நாடகமுமேயன்றி, அவர் பிறந்த மண்ணின் களரியன்று. இதனை முற்போக்கு விமர்சகர் சிலர் அடிகளின் வர்க்கச் சார்பாக மட்டுமே கண்டு அமைதியடைவர். நாமும் ஒருகாலத்தில் அவ்வாறே கருதியிருந்தோம். ஆனால் விடயம் அத்துணை எளிமையானதன்று.

நாடகத்தின் ஐந்து சந்திகளுக்கு மதங்கசூளாமணி எடுத்தாளும் பெயர்கள் முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என்பன. இவற்றைச் சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் விளக்கும் முறை ஊன்றி நோக்கத்தக்கது. உழுது பண்படுத்திய புழுதியிலே இட்ட வித்து முளைகொள்வது முகம். இலை தோன்றி நாற்றாவது பிரதிமுகம். பயிர் வளர்ந்து தன்னுள்ளே கருப்பொதிந்து நிற்பது கருப்பம். கதிர் முற்றித் தலைசாய்வது விளைவு. அறுத்து, போரிட்டு, கடாவிட்டு, தூற்றிப் பொலியாக்கி, கொண்டுசென்று உண்டு மகிழ்வது துய்த்தல். நாடகக் கதையோட்டத்தினை விளக்கப் புகுந்த உரையாசிரியர் கமக்காரனின் ஓராண்டு உழைப்பினையே எடுத்துக்கொண்டார். வடமொழி இலக்கணத்தில் சந்தியின் பெயராக வரும் ‘நிர்வகணம்’ தமிழில் ‘துய்த்தல்’ ஆனபோது, முடிவு என்ற வெற்றுக் கருத்து விளைந்ததை உண்ணுதல் என்ற மானிடச் செயலாயிற்று.

இப்போது படுவான்கரைக்குத் திரும்புவோம். வேளாண்மை வெட்டிச் சூடு வைத்து, களவெட்டியில் மிதித்து, பொலி தூற்றும் வழக்கத்தின் சொற்கள் இன்னும் அங்குள்ள முதியோர் வாயில் உள்ளன. இயந்திரம் வந்தபின் செயல் மறைந்துவரினும் சொல் முற்றாக மறைந்துவிடவில்லை. ‘பொலி’ என்ற சொல்லை அடியார்க்குநல்லாரும் அறிவார், அந்தப் பிள்ளையின் பாட்டனும் அறிவார். இடையில் நிற்கும் பாடநூல்தான் அறியாது. ‘துய்த்தல்’ என்பதற்கு அப்புதிர்த் தாளில் ‘நாடகத்தின் இறுதிச் சந்தி’ என்று மட்டுமே குறிப்புத் தரப்பட்டிருந்தது. மாணவர் அதனை மனனஞ் செய்திருந்தனர். ஆகவே சரியாகவே நிரப்பினர். பிழையான விடையிலும் பார்க்க இச்சரியான விடையே எமக்குக் கவலையளித்தது.

வயல் ஒருபுறமிருக்க, வாவியை நோக்கினும் இதே நிலைமையைக் காணலாம். வடமோடிக் கூத்தில் அரசர் முதலானோர் அணியும், வளையங்களால் விரிந்து நிற்கும் பாரமான உடுப்பினைக் கரப்புடுப்பு என்பர். ஆழங்குறைந்த நீரில் மீனை மூடிப் பிடிக்கப் பயன்படும் கூடையே கரப்பு. ஊரில் கோழியை மூடி வைக்கவும் அதுவே. மன்னனின் கம்பீரத்துக்கு வாவிக்கரை மக்கள் வைத்த பெயர் மீன்பிடிக் கூடையின் பெயர்! அதில் வெறும் வடிவ ஒப்புமை மட்டுந்தான் உளதா, மெல்லிய நகையும் உளதா என்பது சுவையான வினா. நகையும் உளது என்றே நாம் கருதுகின்றோம். இரவு முழுவதும் துரியோதனனாக நின்று, விடிந்தபின் கரப்புடன் நீரில் இறங்குபவனுக்கு இரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பதன் பொருள் தெரியாதிருந்திருக்குமா? ‘கூத்தில் அரசர் அணியும் உடை’ என்று பயிற்சித்தாள் குறிப்புத் தருமாயின், உழைப்பும் போயிற்று, நகையும் போயிற்று. எஞ்சுவது ஏழு கட்டங்கள்.

மொழியிற் குறி என்பது வர்க்க மோதலின் களமாக அமைகின்றது என்று வொலொஷினோவ் 1929இல் எழுதினார். ஆளும் வர்க்கம் குறிக்கு ஒரே பொருளை நிரந்தரமாக்க முயல்வதையும், அதனுள்ளே மோதும் பல்வேறு தொனிகளை அணைத்துவிட விழைவதையும் அவர் எடுத்துக்காட்டினார். ஒரு குறிப்பு, ஒரு விடை, இத்தனை கட்டம் என்ற ஏற்பாடு பரீட்சைமையக் கல்விக்கு ஏன் அத்துணை இசைவாக இருக்கின்றது என்பது இதனால் விளங்கும்.

இதற்கு மறுதலையாகச் சிலர் எடுக்கும் நிலைப்பாடும் எமக்கு உடன்பாடன்று. புதுச் சொற்கள் யாவும் அந்நியம், கூத்துச் சொற்களே தூயன என்பது அவர்தம் வாதம். ஒளியமைப்பு, காட்சியமைப்பு முதலிய சொற்கள் இன்றி இன்றைய அரங்கு இயங்காது. அவற்றைப் படுவான்கரைப் பிள்ளையிடமிருந்து மறைப்பது இன்னொரு வகை அநீதி. கூத்துச் சொற்களுள்ளும் நிலமானிய உறவுகளின் சுவடு உண்டு. ‘கட்டியம்’ அரசனின் புகழ் கூறலேயன்றி வேறன்று. போடியார் குடும்பத்துப் பிள்ளைக்கு எந்த வேடம், முல்லைக்காரன் மகனுக்கு எந்த வேடம் என்பதில் ஊரின் தகுதிவரிசை செல்வாக்குச் செலுத்தியதை மறைத்துவிட்டுக் கூத்தினைக் கூட்டு வாழ்வின் பொற்காலமாகக் காட்டுவது வரலாறாகாது. பெண்பாத்திரங்களையும் ஆண்களே ஆடிய மரபு அது என்பதையும் மறக்கலாகாது. இன்று அப்பாடத்தைக் கற்பிப்போருள்ளும் கற்போருள்ளும் பெண்கள் பலராக இருப்பது, நவீன கல்வி திறந்துவிட்ட வாயிலின் பயனே.

கலைச்சொற்களின் குழப்பத்துக்கு நம்மவரும் பொறுப்பாளிகள். முதலாளித்துவ உற்பத்தியில் தொழிலாளி தன் உழைப்பின் விளைபொருளிலிருந்து பிரிக்கப்படுவதாக மார்க்ஸ் கூறியதை நாம் ‘அந்நியமாதல்’ என்கின்றோம். பார்ப்போனை விழிப்புறச் செய்யும் பொருட்டுப் பழகிய பொருளைப் பழகாததாகக் காட்டும் பிரெக்டின் உத்தியையும் பலர் அதே சொல்லாலேயே வழங்குகின்றனர். ஒன்று நோய், மற்றையது மருந்து. 1935இல் மாஸ்கோவில் சீன நடிகர் மெய் லான்ஃபாங்கின் ஆட்டத்தைக் கண்டபின் பிரெக்ட் தம் கருத்துக்கு உருக்கொடுத்தார் என்பதைச் சொல்லி, வகுப்பிலே கட்டியகாரனின் வரவை ஒருமுறை ஆடிக்காட்டினால், மாணவர் அவ்வேறுபாட்டினை உணர்ந்துகொள்வர். புதிர்க் கட்டத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்தெண்ணிக்கைதான்.

ஆகவே வினா, புதிர் வேண்டுமா வேண்டாமா என்பதன்று. எத்தகைய புதிர் என்பதே. தமிழ் மரபில் புதிருக்கு நெடிய வரலாறு உண்டு. தொல்காப்பியச் செய்யுளியல் ‘பிசி’ எனக் குறிப்பிட்டு, ஒப்புமையால் அமைவதும், புலப்படும் பண்பினைக் கூறித் துணியவைப்பதும் என இருவகைப்படுத்தும் வடிவம் அது. நம்மூர்களில் நொடி என்று வழங்குவதும் அதன் வழித்தோன்றலே. குறுக்கெழுத்தின் குறிப்பு அகராதியிலிருந்து சொல்லை நோக்கிச் செல்கின்றது. நொடியோ பொருளிலிருந்து, அப்பொருளைக் கையாண்ட அனுபவத்திலிருந்து சொல்லை நோக்கிச் செல்கின்றது. ‘வாவியில் மீனின்மேல் விழும், களரியில் மன்னனின் இடையில் நிற்கும், நான்கு எழுத்து’ என்று வினவினால், தோணிக்காரர் வீட்டுப் பிள்ளை கரப்பு என்று உடனே சொல்லும். பட்டினத்துப் பிள்ளை அதனிடம் கேட்டறிய வேண்டியிருக்கும். வகுப்பறையில் அறிவின் ஓட்டம் ஒருகணமேனும் திசைமாறும்.

பாவுலோ பிரெய்ரே 1963இல் பிரேசிலின் அங்கிக்கோஸ் ஊரில் ஏறக்குறைய முந்நூறு தொழிலாளருக்கு எழுத்தறிவித்த முயற்சி இவ்வழிப்பட்டதே. கற்போரின் வாழ்வையும் பேச்சையும் முதலில் ஆராய்ந்து, அவற்றிலிருந்தே சொற்களைத் தெரிந்து, அவ்வவ் வாழ்நிலை பற்றிய உரையாடலோடு எழுத்தினைக் கற்பிப்பது அவர்தம் முறை. செங்கல் என்ற சொல்லைக் கொண்டு தொடங்கினால் கட்டடத் தொழிலாளியின் கூலி பற்றிய பேச்சும் உடன்வரும். கரப்பினைக் கொண்டு தொடங்கினால் வாவியின் மீன்வளம் பற்றிய பேச்சும் வராதிருக்காது. அந்தப் பேச்சு நாடகப் பாடத்துக்குப் புறம்பானது என்பார் உளர். கிரேக்க அரங்கில் ஆடுகளமாகிய ‘ஓர்க்கெஸ்ரா’ சூடுமிதிக்கும் வட்டக் களத்திலிருந்து தோன்றியதென ஆராய்ச்சியாளர் கூறும்போது அவர்கள் அதனைக் குறிப்பெடுத்துக்கொள்வர். வட்டக்களரியும் களவெட்டியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் ஊரில் மட்டும் அத்தொடர்பு பாடத்துக்குப் புறம்பாகிவிடுகின்றது.

கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலிருந்து பட்டம் பெற்று வெளிவரும் இளையோர், பேராசிரியர் சி. மௌனகுருவின் ‘மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்’ 1998இல் நூலாக வந்தபின் கூத்துச் சொற்களுக்கு ஆதாரமில்லை என்று கூறுவதற்கில்லை. சீலாமுனையில் நிகழ்ந்த கூத்து மீளுருவாக்க முயற்சிகளும் அவர்கள் முன் உள்ளன. சொற்கள் திரட்டப்பட்டுள்ளன. அவற்றைப் பாடத்திட்டத்தின் ‘மரபுவழி அரங்கு’ என்ற தனி அலகினுள் அடைத்துவிட்டு, பொது அரங்கச் சொற்கள் என்ற பகுதியை முழுவதும் மொழிபெயர்ப்புகளுக்கு விட்டுக்கொடுப்பதே இன்றைய சிக்கல்.

நாம் முதலிற் குறிப்பிட்ட ஆசிரியையிடம் இவற்றுட் சிலவற்றைப் பேசினோம். அவர் பெரிதாக ஒன்றும் வாதிடவில்லை. அடுத்த தவணையில் கட்டங்களைத் தாம் வரையாது, குறிப்புகளை எழுதும் வேலையை மாணவரிடமே விட்டார். வீட்டில் யாரிடமாவது கேட்டு எழுதி வரலாம் என்பதும் நிபந்தனையாயிற்று. கட்டியகாரன் என்ற சொல்லுக்கு மாணவி ஒருத்தி எழுதி வந்த குறிப்பு இது: ‘மன்னன் வருமுன் வருவான்; மன்னன் வந்தபின் அவனுக்கு வேலையில்லை; ஏழு எழுத்து.’ வகுப்பு சிரித்தது. ஆனால் அண்ணாவியார் என்று எழுதிப் பிழை வாங்கிய அந்தப் பையன் எழுந்து, தன் அம்மப்பா கட்டியகாரன் ஆடினவர் என்றும், மன்னன் வந்தபிறகும் அவர் களரியை விட்டுப் போனதில்லை, சபையோரோடு நின்று பாடியவர் என்றும், குறிப்பை மாற்ற வேண்டும் என்றும் சொன்னானாம். அன்று மணியடிக்கும்வரை அந்த விவாதம் முடியவில்லை.